அரசும் வணிகரும் கூடி வளர்த்த அறிவு: டாக்டர் விக்ரம் சாராபாய்

விண்வெளி ஆராய்ச்சி என்றதும் டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்களின் பெயர் நம் அனைவர் நாவிலும் எழும். தும்பாவையும் ராக்கெட்டையும் அவர் பெயரோடு சேர்த்தே பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின், வானத்தை நோக்கும் முன்னர் அவர் நூலையும் தறியையும் நோக்கினார் என்பதும், அரசின் பொருளையும் வணிகரின் பொருளையும் ஓரிடத்தில் கூட்டி ஆராய்ச்சிக்கு வழி கண்டார் என்பதும் பலர் அறியாத செய்திகள். வணிகப் பெருமக்கள் தம் செல்வத்தை விஞ்ஞானத்தில் இடுமாறு அரசு எவ்வாறு ஊக்குவிக்கலாம் என்னும் வினா இன்று நாட்டில் பெரிதும் பேசப்படுகின்றது. அவ்வினாவுக்குத் தம் வாழ்நாளிலேயே ஒரு விடையைச் செய்து காட்டியவர் அவர். ஆதலின் அவர்தம் வாழ்க்கையை அந்நோக்கில் எழுத முற்படுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

விக்ரம் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் ஆமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், தாயார் சரளாதேவி. சமண வணிக மரபில் வந்த செல்வக் குடும்பம் அது. புகழ்பெற்ற காலிகோ ஆலை அக்குடும்பத்தின் மேலாண்மையில் இயங்கியது. எண்மர் மக்களுள் விக்ரமும் ஒருவர்.

அக்குடும்பத்தின் இயல்பை ஒரு செய்தியால் அறியலாம். 1918-ஆம் ஆண்டு ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, காந்தியடிகளுடன் நின்று தொழிலாளர் பக்கம் பேசியவர் அம்பாலாலின் தமக்கையார் அனசூயா அம்மையார். எதிர்ப்பக்கத்தில் நின்ற ஆலை முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவரோ அம்பாலால். கொள்கையில் மாறுபட்டும் உடன்பிறப்பு அன்பில் அவர்கள் மாறவில்லை. மாறுபட்ட கருத்துடையாரை ஒரே கூரையின்கீழ் அமரவைத்துக் காரியம் முடிக்கும் ஆற்றல் விக்ரமுக்கு இளமையிலேயே வாய்த்ததற்கு இச்சூழல் ஒரு காரணமாகலாம் என்று எண்ணுகின்றோம்.

சரளாதேவி அம்மையார் தம் மக்களுக்கென வீட்டிலேயே ஒரு பள்ளி நடத்தினார். மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவிய பள்ளி அது. ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தருகின்றது. கையால் தொட்டுச் செய்து கற்கும் பழக்கம் அங்கேதான் விக்ரமுக்கு அமைந்தது. பின்னர் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1940-இல் பட்டம் பெற்றார். உலகப் போர் மூண்டமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களின்கீழ் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். அந்நாளில் சென்னையைச் சேர்ந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதன் அவர்களைக் கண்டு, 1942-இல் மணம் புரிந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டம் பெற்று மீண்டார்.

செல்வர் மகன் ஒருவர் ஆராய்ச்சியை விட்டுக் குடும்பத் தொழிலில் முழுமையும் இறங்கியிருப்பினும் குறை கூறுவார் இலர். தொழிலை விட்டு ஆராய்ச்சியில் மூழ்கியிருப்பினும் வியப்பில்லை. விக்ரமோ இரண்டையும் ஒருங்கே மேற்கொண்டார். 1947-ஆம் ஆண்டு நவம்பரில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தை ஆமதாபாத்தில் தொடங்கினார். குடும்ப அறக்கட்டளையும் ஆமதாபாத் கல்விக் கழகமும் அதற்குத் துணை நின்றன. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதன் அவர்கள் அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார். அரசின் உதவி பின்னரே வந்து சேர்ந்தது. தனியார் கொடை முதலில் விதையாக விழ, அரசு நீர் வார்த்த கதை அது. ஆலைகளுக்கென அவர் எழுப்பிய நிலையத்தின் கதை இன்னும் சுவையானது.

ஆலைகள் ஆராய்ச்சியில் பொருள் இடாமைக்குக் காரணம்

ஆமதாபாத்தின் முதற் பஞ்சாலை 1861-இல் இயங்கத் தொடங்கியது. விடுதலை பெற்ற காலத்தில் எழுபது அளவிலான ஆலைகள் அந்நகரில் இருந்தன. செல்வம் இருந்தது, சந்தையும் இருந்தது. இருப்பினும் நூல் ஏன் அடிக்கடி அறுகின்றது, ஆலைக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருத்தல் வேண்டும், பாவு நூலுக்கு இடும் கஞ்சியின் பதம் யாது என்பனவெல்லாம் மேஸ்திரிகளின் கைப்பழக்கத்தையே நம்பி நடந்தன. பஞ்சுக்கேற்ற முறையை அளந்து ஆய்ந்து கண்டவர் அரியர்.

ஆலை முதலாளிகள் அறியாமையால் இவ்வாறு இருந்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. அவர்கள் கணக்கில் வல்லவர்கள். ஓர் ஆலை தன் பொருளைச் செலவிட்டு ஒரு நல்ல முறையைக் கண்டுபிடித்தால், சில திங்களில் அது அடுத்த ஆலைக்கும் தெரிந்துவிடும். செலவு ஒருவருக்கு, பயன் அனைவருக்கும். மேலும் ஆராய்ச்சி என்பது பயன் தருமா தராதா என்று முன்கூட்டியே சொல்ல இயலாத முயற்சி. ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தனர். ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர் எடுக்க எவரும் முன்வராமையைப் போன்றது இது. இத்தகைய இடத்தில்தான் அரசின் கை தேவைப்படுகின்றது.

அரசு தானே முழுச் செலவையும் ஏற்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டித் தரலாமே என்று தோன்றும். அவ்வாறு கட்டிய கூடம் ஆலையின் இடர் யாதென்று அறியாமல் தன்போக்கில் நடத்தல் கூடும். கண்ட முடிவுகள் அச்சேறி அலமாரியில் உறங்குதலும் கூடும். தம் பொருள் சேராத காரியத்தில் எவருக்கும் அக்கறை பிறப்பது அரிது. பள்ளியில் பிள்ளைகளிடமும் இதனைக் காண்கின்றோம். தான் சேர்த்த காசில் ஒரு பங்கு போட்டு வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை அட்டை போட்டுக் காப்பாற்றும்.

ஒரு பங்குக்கு ஒரு பங்கு

இதற்கொரு வழியை இங்கிலாந்து முன்னமே கண்டிருந்தது. முதல் உலகப் போரின்போது, சாயப்பொருள் முதலியவற்றுக்குச் செருமனியை நம்பியிருந்த அந்நாடு தவித்தது. ஆகவே 1917-இல் பத்து இலட்சம் பவுன் நிதி ஒன்றை அரசு ஒதுக்கியது. ஒரு தொழிலைச் சார்ந்த நிறுவனங்கள் கூடி ஆராய்ச்சிச் சங்கம் அமைத்துப் பொருள் திரட்டினால், அதற்கு ஈடாக அரசும் அந்நிதியிலிருந்து பொருள் தரும். மான்செஸ்டர் வட்டாரப் பருத்தித் தொழிலுக்கு 1919-இல் அவ்வகைச் சங்கம் அமைந்தது.

நம் நாட்டில் 1942-இல் அமைந்த விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அவர்கள் இவ்வகைக் கூட்டு முயற்சிகளுக்கு ஆதரவு நல்கினார். ஆமதாபாத்தில் இதற்கு முன்னின்றவர் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய் அவர்கள். இராணக்பூர், தில்வாரா ஆகிய சமணத் திருக்கோயில்களின் திருப்பணியை நடத்திய பெருமகனார் இவரே என்பதை நம் அன்பர்கள் அறிவர். கோயில் திருப்பணிக்கு முன்வந்த கரமே ஆராய்ச்சிக்கூடத் திருப்பணிக்கும் முன்வந்தது. ஆலைகளும் மத்திய அரசும் செலவைப் பகிர்ந்துகொள்வதென்று முடிவாகி, 1947-இல் ஆமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கம் தோன்றியது. அட்டிரா என்று சுருக்கமாக வழங்கப்பெறும் அந்நிறுவனத்தைக் கட்டி எழுப்பும் பொறுப்பு இருபத்தெட்டே வயதான விக்ரமிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஊதியம் பெறாமல் அதனை ஏற்றார்.

அவர் இளம் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களுள் பலர் ஆலையையே கண்டிராதவர்கள். பழக்கத்தின் கட்டு இல்லாதவர் புதிதாகக் காண்பர் என்பது அவர் நம்பிக்கை. ஆராய்ச்சியாளர் தம் கூடத்திலேயே அமர்ந்திராமல் ஆலைக்குள் சென்று, எந்திரத்தின் அருகே நின்று, அளந்து கணக்கிடல் வேண்டும் என்று வகுத்தார். புள்ளியியல் முறையில் நூலின் தரத்தைக் கண்காணிக்கும் வழக்கத்தை ஆலைகளுக்கு அறிமுகம் செய்தார். தொழிலாளர் மனநிலையை ஆராய உளவியல் பிரிவு ஒன்றும் தொடங்கி, அதனைக் கமலா சௌத்ரி என்னும் அம்மையார் பொறுப்பில் விட்டார். எந்திரத்தை மட்டும் அறிந்தால் போதாது, அதனருகே நிற்கும் மனிதரையும் அறிதல் வேண்டும் என்று அக்காலத்திலேயே உணர்ந்திருந்தார்.

தொடக்கத்தில் ஐயுற்ற ஆலையினரும் பயன் கண்கூடாகத் தெரிந்தபின் தம் இடர்களைத் தாமே எடுத்து வந்தனர். பம்பாயில் 1954-இலும், நம் கோயமுத்தூரில் 1956-இலும் இதே வழியில் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கங்கள் எழுந்தன. கோவையின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கு ஆற்றிய பணியை அப்பகுதி மக்கள் நன்கறிவர். அரசு இட்ட ஒரு பங்கு, தொழிலினர் கையிலிருந்து மற்றொரு பங்கை வெளிக்கொணர்ந்தது. பொருளினும் மேலாக, அவர்தம் அக்கறையையும் வெளிக்கொணர்ந்தது.

தொழிலதிபராகவும் விஞ்ஞானியாகவும்

பிறருக்குச் சொன்னதைத் தம் நிறுவனத்திலும் விக்ரம் செய்தார். பரோடாவில் இயங்கிய சாராபாய் மருந்துத் தொழிற்சாலையின் பொறுப்பை 1950-களில் ஏற்று நடத்திய அவர், 1960-இல் அங்கேயே மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் நிறுவினார். மேலாண்மை அறிவு இன்றி ஆராய்ச்சியின் பயன் தொழிலைச் சென்று சேராது என்று கண்டு, 1961-இல் ஆமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றுவதற்கும் உழைத்தார். மத்திய அரசு, குசராத்து அரசு, தொழிலதிபர்கள், அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை ஆகியோர் கூடிச் செய்த பணி அது. பங்காளிகளைக் கூட்டும் அதே முறையை அங்கும் காண்கின்றோம்.

ஆயினும் எல்லா முயற்சிக்கும் ஒரே முறை பொருந்தாது என்பதையும் அவர் அறிவார். விண்வெளி ஆராய்ச்சியில் அந்நாளில் எந்த வணிகரும் பொருள் இடார். பயன் பல்லாண்டு கழித்தே வரும், வராமலும் போகலாம். இத்தகைய பெருமுயற்சியில் முதல் இடரை அரசே தாங்குதல் வேண்டும். 1962-இல் அமைந்த விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவுக்கு அவர் தலைவரானார். கேரளத்துத் தும்பாவில் புனித மரிய மக்தலேனாள் தேவாலயம் ஆராய்ச்சிப் பணிக்கென மனமுவந்து அளிக்கப்பட்டது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. ஹோமி பாபா அவர்கள் 1966-இல் விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்திக் கமிஷனின் தலைமையும் விக்ரமிடமே வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த மின்னணுக் கருவிகள் தொழிற்சாலையில் உருப்பெறல் வேண்டும் என்னும் நோக்குடன் 1967-இல் ஐதராபாத்தில் மின்னணு நிறுவனம் ஒன்றை அணுசக்தித் துறை தொடங்கியதும் அவர் தலைமையில்தான். 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று.

ஓய்வறியாத அவ்வுடல் 1971-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் கோவளத்தில், உறக்கத்திலேயே அமைதியுற்றது. வயது ஐம்பத்திரண்டுதான். அவர் மறைந்தபின் 1972-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பெற்றது.

அவருக்குப் பின்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துதல் நேர்மையன்று. 1980-களில் தொடங்கி ஆமதாபாத்தின் ஆலைகள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. ஆராய்ச்சிச் சங்கம் அருகிலேயே இருந்தும் இது நேர்ந்தது ஏன்? அறிவு கிடைத்தது; அதனை நடைமுறைப்படுத்தப் புதிய எந்திரம் வேண்டும், அதற்குப் பொருள் வேண்டும். ஆலையினர் பலர் ஈட்டியதைப் பழைய எந்திரங்களை மாற்றுவதற்கு இடவில்லை. அரசின் வரி விதிகளோ, சிறு விசைத்தறிகளுக்குச் சலுகை தந்து பெரிய ஆலைகளின்மேல் சுமையை ஏற்றின. உரிமமும் தடையும் நிறைந்த அக்காலத்தில், போட்டி குறைந்த சந்தையில் புதுமைக்குத் தேவையும் குறைந்தது. ஒரு கையால் ஆராய்ச்சிக்கு மானியம் கொடுத்து, மறு கையால் ஆராய்ச்சியின் தேவையையே அகற்றினால் பயன் விளையாது. மானியம் மட்டும் போதாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

விண்வெளித் துறையின் வரலாறு வேறு விதமாகச் சென்றது. அங்கு அரசு முதல் இடரைத் தாங்கியதோடு, நெடுங்காலம் தவறாது பொருள்களை வாங்கும் வாடிக்கையாளராகவும் நின்றது. கோத்ரெஜ், லார்சன் அண்ட் டூப்ரோ போன்ற நிறுவனங்கள் ராக்கெட்டின் உறுப்புகளை நுட்பமாகச் செய்யக் கற்றுக்கொண்டன. தாம் செய்வதை வாங்க ஒருவர் உண்டு என்னும் உறுதியே அவர்களைத் துணியச் செய்தது. 2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஐதராபாத் இளைஞர் நிறுவனம் ஒன்று செய்த ராக்கெட், விக்ரம் என்னும் பெயரையே தாங்கி மேலெழுந்தது. 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் சென்னையில் தோன்றிய மற்றோர் இளைஞர் நிறுவனத்தின் ராக்கெட்டும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அரசு இட்ட விதை அறுபது ஆண்டு கழித்துத் தனியார் தோட்டத்தில் காய்க்கின்றது.

இன்றைய நிலை

2020-21-ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாகியது 0.64 விழுக்காடே. அதிலும் தனியார் தொழில்துறையின் பங்கு 36.4 விழுக்காடு. சப்பான், தென்கொரியா, சீனம் முதலிய நாடுகளில் ஆராய்ச்சிச் செலவில் நான்கில் மூன்று பங்கு அளவினை வணிக நிறுவனங்களே ஏற்கின்றன. நம் அரசு முயலாமல் இல்லை. நிறுவனங்கள் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் செலவிடும் தொகைக்கு இருமடங்கு வருமான வரிக் கழிவு 2010-இல் அளிக்கப்பட்டது. அது 2017-இல் ஒன்றரை மடங்காகவும், 2020-இல் செலவின் அளவாகவும் குறைக்கப்பட்டது. பத்தாண்டுக் கணக்கில் திட்டமிட வேண்டிய ஆராய்ச்சிக்கு, இவ்வாறு சில ஆண்டுகளுக்கொருமுறை மாறும் விதி நம்பிக்கை தராது. 2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் செலவிடத் திட்டமிட்டு, அதில் 36,000 கோடி தொழில்துறை முதலிய அரசு சாரா வழிகளில் வரும் என்று எதிர்பார்த்தனர். 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தனியார் ஆராய்ச்சிக்கு வட்டி குறைந்தோ வட்டியின்றியோ நெடுங்காலக் கடன் தருவதற்கு ஒரு இலட்சம் கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

தொகைகள் பெரியவை. ஆனால் தொகையின் பெருமையைவிட அதனை இடும் முறையே பெரிது என்பதை டாக்டர் சாராபாய் அவர்களின் வாழ்வு காட்டுகின்றது. தொழிலினர் தம் பங்கை இட்ட இடத்தில் அரசும் தன் பங்கை இடுதல் முதலாவது. ஆராய வேண்டிய இடர் தொழிற்கூடத்திலிருந்து வருதல் இரண்டாவது. எவரும் துணியாப் பெருமுயற்சியில் முதல் இழப்பை அரசு தாங்கி, பின்னர் உறுதியான வாடிக்கையாளராக நிற்றல் மூன்றாவது. கொடுத்த வாக்கையும் விதியையும் நெடுங்காலம் மாற்றாமை நான்காவது. இவற்றுள் ஒன்று குறையினும் என்ன நேரும் என்பதற்கு ஆமதாபாத்தின் மூடிய ஆலைகளே சான்று.

நம் சமுதாயத்தில் சாத்திரதானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றோம். ஏட்டுச் சுவடிகளை எழுதுவித்து அளித்த முன்னோர் வழியில் வந்தவர்கள் நாம். ஆராய்ச்சிக்கு அளிக்கும் பொருளும் அத்தானத்தின் வகையே என்று கொள்ளலாம். நம் குடும்பங்களுள் அரிசி ஆலையோ, பட்டறையோ, வேறு சிறுதொழிலோ நடத்துவோர் உளராயின், தம் தொழிலுக்குரிய ஆராய்ச்சி நிலையம் எது என்று கேட்டறிந்து, தம் இடர்களை அங்கே எடுத்துச் செல்லல் வேண்டும். பொறியியலும் விஞ்ஞானமும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, செல்வத்தின் நடுவே பிறந்தும் அறிவுக்காகவே அதனைச் செலவிட்ட இப்பெருமகனாரின் வரலாற்றைப் பெற்றோர் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அவர்தம் பிறந்த நாளாகிய ஆகஸ்டு 12 அதற்கு ஏற்ற நாளாகும்.